நர்சரி ஜூனிபர் போன்சாய் ஆக: குமரி மாவட்டத்து வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற வழி

தக்கலைப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். போன மாதம் நர்சரியில் வாங்கிய ஜூனிபர் கன்று ஒன்றரை அடி உயரம், இன்னும் கருப்புப் பையில்தான் இருக்கிறது, தண்டு பென்சிலைவிடச் சற்றுத் தடிமன். இதை உடனே போன்சாய்த் தட்டுக்கு மாற்றிக் கிளை வெட்டிக் கம்பி கட்டலாமா, நம்ம ஊர் வெயிலும் மழையும் அதற்குத் தாங்குமா, ஹாலில் வைத்து வளர்க்கலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாங்கும். தட்டு இப்போதைக்கு வேண்டாம், நாலைந்து வருடம் போகட்டும். ஹாலில் வேண்டவே வேண்டாம். வேரில் கை வைப்பது, கிளை வெட்டுவது, கம்பி கட்டுவது மூன்றையும் ஒரே நாளில் செய்தால் செடி பெரும்பாலும் செத்துப்போகும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி விட வேண்டும். நம்ம மாவட்டத்தில் இந்த இடைவெளி மற்ற இடங்களைவிட முக்கியம். அதற்கான காரணத்தையும், எந்த மாதத்தில் எதைச் செய்வது என்பதையும்தான் கீழே எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் உங்கள் கையில் இருப்பது ஜூனிபர்தானா என்று பார்த்துவிடுங்கள். ஊசியிலைச் செடி எதுவாக இருந்தாலும் ஜூனிபர் என்றோ கிறிஸ்துமஸ் மரம் என்றோ சொல்லித் தந்துவிடுகிறார்கள். இலைக்கொத்து தட்டையாக விரிந்து செங்குத்தாக நின்றால் அது துஜா. அதன் காய் நீலம் பாய்ந்த பச்சையில், மேலே சிறு கொம்புகளோடு இருக்கும். இலை பொன்பச்சை நிறத்தில் இருந்து, கசக்கினால் எலுமிச்சை வாசம் வந்தால் அது கோல்டன் சைப்ரஸ். நம்ம சமவெளியில் அதைக் காப்பாற்றுவது மிகக் கடினம். ஜூனிபரில் இலைக்கொத்து தட்டையாக இருக்காது, கிளையைச் சுற்றி எல்லாப் பக்கமும் வரும். இளம் இலை ஊசியாக மூன்று மூன்றாக நின்று கையில் குத்தும். முதிர்ந்த கிளையில் இலை செதில் செதிலாகத் தண்டோடு ஒட்டியிருக்கும், தொட்டால் குத்தாது. ஒரே செடியில் இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு. அதனால் பாதி குத்துகிறது, பாதி குத்தவில்லை என்று பயப்பட வேண்டாம்.

இங்கே நம்பி வளர்க்கக்கூடியவை இரண்டு. ஒன்று சைனீஸ் ஜூனிபர், ஷிம்பாகு என்று விற்பதும் அதன் ரகம்தான். இன்னொன்று தரையோடு படரும் புரோகம்பென்ஸ் நானா. சைனீஸ் ஜூனிபரைத் தைவானிலும் இந்தோனேசியாவிலும் புழுக்கமான ஊர்களில் வைத்தே அருமையான மரங்களாக ஆக்கியிருக்கிறார்கள். லடாக், லாகுல் பக்கம் காட்டில் வளரும் இமயமலை ஜூனிபரும், ஐரோப்பாவின் காமன் ஜூனிபரும் நமக்கு ஆகாது. பனிக்காலம் இல்லாமல் அவை இளைத்துக்கொண்டே போகும். தென்னிந்தியாவில் ஜூனிபர் எதுவும் இயற்கையாகக் கிடையாது. நம் மேற்கு மலைக்காடுகளுக்குச் சொந்தமான ஊசியிலைக் குடும்பத்து மரம் ஒன்றே ஒன்றுதான், நாகியா வாலிச்சியானா. அதற்கும் இலை அகலமாக இருக்கும் என்பதால் பார்க்கிறவர்கள் யாரும் அந்த இனம் என்று நினைக்க மாட்டார்கள்.

இனி முக்கியமான விஷயம். ஜப்பானில் குளிர்காலம் வந்தால் ஜூனிபர் வளர்வதை நிறுத்திவிடும், இலை லேசாகப் பழுப்பு ஊதாவாகக்கூட மாறும். கோடையில் இலை சம்பாதித்ததைத் தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்துக்கொண்டு, பனி முடிந்ததும் அந்தப் பலத்தில் புதுவேரும் துளிரும் விடும். அங்கே வேரை வெட்டுகிறவர்கள் அந்தச் சேமிப்பை நம்பித்தான் வெட்டுகிறார்கள். நாம் இருப்பது 8 பாகை அட்சரேகையில். ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். சமவெளியில் மார்கழி இரவில்கூட 20 டிகிரிக்குக் கீழே போவது அரிது. ஓய்வெடுக்க வேண்டிய நேரம் இது என்று செடிக்குத் தெரிவிக்க நம் வானிலையில் ஒன்றும் இல்லை. வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்துகொண்டே இருக்கும், சேர்த்து வைப்பது குறைவு. இலையை வெட்டினால் அன்றாடச் சம்பாத்தியம் போகிறது. வேரையும் கூடவே வெட்டினால் எடுத்துச் செலவழிக்க இருப்பு இல்லை. ஆகவே இங்கே ஜூனிபருக்கு ஓய்வு கொடுக்க வேண்டியவர் வளர்க்கிறவர்தான். ஒரு வேலை செய்தால், துளிர் நன்றாக ஓடுகிறவரை அடுத்ததைத் தொடக்கூடாது.

யூடியூபில் மார்ச்சில் மண் மாற்று, இலையுதிர் காலத்தில் கம்பி கட்டு என்று சொல்வதெல்லாம் அந்தந்த நாட்டுக் கணக்கு. நம்முடைய கணக்கு மழையை வைத்து வருகிறது. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும், துலாமழை என்கிற வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே கிடைக்கிற மாவட்டம் இது. மார்கழி பிற்பகுதியிலிருந்து தை முடிய மழை ஓய்ந்து, இரவு கொஞ்சம் குளிர்ந்து, வெயில் இன்னும் ஏறாத காலம். வேர் வேலை எல்லாம் அப்போது. மாசி பாதியிலிருந்து வைகாசி பாதி வரை வெயில் காய்கிற காலம், தண்ணீர் ஊற்றுவதைத் தவிர ஒன்றும் செய்ய வேண்டாம். ஆனி, ஆடி, ஆவணியில் சாரலும் மூட்டமுமாக இருக்கும்போது கிளை வேலையும் கம்பி வேலையும். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்வதே வேலை.

வைக்கிற இடம் வெயிலாக இருக்க வேண்டும். தினமும் ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் படாத ஜூனிபர் மெல்ல மெல்ல உள்பக்கக் கிளைகளை இழந்துவிடும். நம்ம வீடுகளில் பெரிய சிக்கல் தென்னை நிழல். தென்னந்தோப்புக்கு நடுவே இருக்கிற வீட்டு முற்றத்தில் வெளிச்சம் நிறைய இருப்பதாகத் தோன்றும், ஆனால் செடிக்கு அது போதாது. மொட்டைமாடி நல்ல இடம். அங்கே சட்டியை நேராக கான்கிரீட்டில் வைக்காதீர்கள், பங்குனி சித்திரையில் தளம் சுட்டுப் பழுத்துக் கிடக்கும், வேர் வெந்துவிடும். செங்கல் அடுக்கியோ பெஞ்சு போட்டோ ஒன்றிரண்டு அடி உயர்த்தி வையுங்கள். அந்த இரண்டு மாதம் மட்டும் மதியத்துக்கு மேல் முப்பது நாற்பது சதவீத நிழல்வலை இருந்தால் நல்லது, மற்ற மாதங்களில் எடுத்துவிடுங்கள்.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். உங்கள் தக்கலையில் அவ்வளவு இல்லை. ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் இருக்கிறவர்கள் ஆனி ஆடிக் காற்றில் சட்டியையும், சட்டிக்குள் செடியையும் சேர்த்துக் கட்டியே வைக்க வேண்டும். செடி ஆடினால் புதுவேரின் நுனி ஒவ்வொரு ஆட்டத்திலும் அறுந்துகொண்டே இருக்கும், ஆறு மாதம் ஆனாலும் பிடிக்காது. குளச்சல், முட்டம், மணக்குடி போல் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று தொல்லை. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் இலையைக் கழுவிவிட்டால் போதும். 2017 நவம்பர் 30 ஒக்கி புயல் நமக்கெல்லாம் நினைவிருக்கிறது. அப்படிப்பட்ட எச்சரிக்கை வந்தால் மாடியிலிருந்து எல்லாவற்றையும் தரைக்கு இறக்கிச் சுவரோரம் வைத்துவிடுங்கள். இரண்டு நாள் நிழலில் இருப்பதால் ஜூனிபருக்கு ஒன்றும் ஆகாது.

இப்போது மண். குமரி மாவட்டத்தில் ஜூனிபர் சாகிறது என்றால் பத்தில் எட்டுத்தடவை வெயிலால் அல்ல, வேருக்குக் காற்றுப் போகாததால் என்பது என் கருத்து. நர்சரிப் பையில் இருப்பது பெரும்பாலும் செம்மண்ணும் சாணமும். மழையில் குழைந்து, வெயிலில் இறுகி, நடுவில் ஈரம் வடியாமல் நிற்கும். ஜூனிபர் வேருக்குத் தண்ணீர் வேண்டும், ஊற்றிய உடனே அது ஓடியும் போக வேண்டும். ஓடிய இடத்தில் காற்று உள்ளே வர வேண்டும்.

அகடாமா, பியூமிஸ் என்று வெளிநாட்டுப் போன்சாய் மண்ணை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. நம்ம ஊரில் பழைய ஓட்டுவீடுகளை இடித்து கான்கிரீட் போடுகிற இடங்களில் உடைந்த ஓடு சும்மா கிடைக்கும். அதுதான் எனக்குப் பிடித்த பொருள். சாக்கில் போட்டுச் சுத்தியலால் உடைத்து, இரண்டு சல்லடையில் சலித்து, மூன்று மில்லிமீட்டரிலிருந்து ஆறு மில்லிமீட்டர் வரையுள்ளதை மட்டும் எடுங்கள். அதற்குக் கீழே உள்ள பொடி சட்டிக்குள் ஒரு சிட்டிகைகூடப் போகக்கூடாது, நீர் வடிவதை அடைப்பது அதுதான். ஓடு கிடைக்காவிட்டால் நன்றாக வெந்த செங்கல் போதும். வேகாத செங்கல் துலாமழை முடிவதற்குள் சேறாகிவிடும். உடைத்த துண்டுகளை ஒரு சிரட்டைத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் இரண்டு விரலுக்கு நடுவே அழுத்தித் தேயுங்கள். விரலில் சிவப்புக் குழம்பு ஒட்டினால் அந்தச் செங்கல் வேண்டாம். விளிம்பு கூராகவே இருந்து, தண்ணீரும் ஏறக்குறைய தெளிவாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு பங்கு ஓடு, ஒரு பங்கு கருங்கல் சிப்ஸ் அல்லது சலித்துக் கழுவிய பருமணல், ஒரு பங்கு தேங்காய் மட்டைத் துண்டு. எம் சாண்ட் போடுவதாக இருந்தால் தூசி போகிறவரை கழுவியே ஆக வேண்டும். மட்டையில் ஒரு கவனம் தேவை. உவர்நீரில் ஊறவைத்த தேங்காய் மட்டையின் நார்த்தூளில் உப்பு நிறைய இருக்கும், கயிற்றுத் தொழில் நடக்கிற இடங்களில் சும்மா கிடைக்கிறதே என்று அப்படியே அள்ளிவந்து போட்டுவிடாதீர்கள். நல்ல தண்ணீரில் மூன்று நான்கு முறை ஊறவைத்துப் பிழிந்து, பிறகு உபயோகியுங்கள். மழை அதிகம் பெய்கிற குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் இருக்கிறவர்கள் மட்டையைப் பாதியாகக் குறைக்கலாம். நாகர்கோவிலுக்குக் கிழக்கே மழை குறைவு, காற்று அதிகம், அங்கே முழுப் பங்கு இருக்கட்டும்.

சட்டியாக எதை எடுப்பது? காய்கறி கழுவுகிற ஓட்டை ஓட்டையான பிளாஸ்டிக் கூடை, ஒரு அடி அகலத்தில் ஒன்று போதும். வேர் கூடையின் ஓட்டைக்கு வந்ததும் நுனி காற்றில் காய்ந்து நின்றுவிடும், பின்னால் பக்கவேர் கிளைக்கும். சட்டிக்குள் வட்டம் சுற்றாது. பின்னாளில் தட்டுக்கு மாற்றும்போது தேவைப்படுவது அடர்த்தியான இந்தச் சிறுவேர்கள்தான். வீட்டு விளையில் இடம் இருந்தால் கூடையோடு சேர்த்துப் பாதி ஆழத்துக்குப் புதைத்து வையுங்கள், தண்டு இன்னும் வேகமாகத் தடிக்கும். மீன் வருகிற தெர்மோகோல் பெட்டியும் சூடு ஏறாமல் நல்ல வேலை செய்யும். உப்புப் போகக் கழுவி, அடியில் தாராளமாக ஓட்டை போட வேண்டும்.

மண் மாற்றுகிற நாளில் பையைப் பிளேடால் இரண்டு பக்கமும் கீறி எடுங்கள். உருண்டை அப்படியே கெட்டியாக நிற்கும். வெளிச்சுற்றில் வெள்ளை நுனியோடு வேர்கள் பையின் வடிவிலேயே சுற்றியிருப்பது தெரியும். மூங்கில் குச்சியால் மேலிருந்து மெதுவாகக் கிளறித் தண்டின் அடியைத் தேடுங்கள். நர்சரிக் கன்றில் தண்டின் உண்மையான அடி பெரும்பாலும் இரண்டு விரற்கடை மண்ணுக்குள் புதைந்திருக்கும். முதல் சுற்று வேர் தண்டிலிருந்து பிரிகிற இடம்தான் உங்கள் மரத்தின் பாதம். அதைக் கண்டுபிடித்துவிட்டால் மரத்தின் உயரமும் சாய்வும் எப்படி என்று பாதி முடிவாகிவிட்டது.

பழைய மண் முழுவதையும் கழுவி எடுக்காதீர்கள். ஜூனிபர் வேரோடு பூஞ்சை ஒன்று கூட்டு சேர்ந்து வாழ்கிறது. அது போனால் வேர் பாதிக் கையை இழந்தது. இந்த வருடம் உருண்டையின் ஒரு பாதியில் மட்டும் பழைய மண்ணை உதிர்த்துப் புதுக்கலவை போடுங்கள். மறுபாதி இரண்டு வருடம் கழித்து. வேரில் மூன்றில் ஒன்றுக்கு மேல் வெட்ட வேண்டாம். வெட்டுவதையும் ஒரே பக்கத்தில் வெட்டாதீர்கள். ஜூனிபரில் இந்த வேர் இந்தக் கிளைக்கு என்று பட்டைக்கு அடியில் தனித்தனி ஓட்டம் உண்டு. ஒரு பக்கத்து வேரை அடியோடு எடுத்தால் நேர்மேலே இருக்கிற கிளை மட்டும் காய்ந்துவிடும், ஏன் காய்ந்தது என்றே புரியாது.

புதுக்கலவை போட்டதும் குச்சியால் குத்திக் குத்தி வேருக்கு நடுவே இறக்கி, கீழே வடிகிற தண்ணீர் தெளிகிறவரை ஊற்றுங்கள். கூடையோடு சேர்த்துக் கயிற்றால் கட்டி அசையாமல் நிறுத்துங்கள். இரண்டு வாரம் காலை வெயில் மட்டும் படட்டும், பிறகு முழு வெயில். உரம் ஒரு மாதத்துக்கு வேண்டாம்.

தை முடிந்தபின் உங்களுக்கு உண்மையான சோதனை, ஒன்றும் செய்யாமல் இருப்பது. ஆனி வரை துளிரை ஓடவிடுங்கள். கிளைநுனி எல்லாம் பளபளவென்று இளம்பச்சையில் நீண்டு வருகிறதா என்று பாருங்கள். அப்படி வந்தால்தான் வேர் பிடித்தது என்று அர்த்தம். ஜூனிபர் செத்தாலும் பல வாரம் பச்சையாகவே நிற்கும், பச்சையை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. நுனி நகர வேண்டும்.

நகர்ந்தால் ஆடி மாதத்தில் தண்டுக்குக் கம்பி. இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நர்சரிக் கன்று நேராக நிற்கும், நேரான தண்டு தடித்தபிறகு உங்களால் வளைக்க முடியாது. பென்சில் தடிமனில் இருக்கிற இப்போதுதான் எந்த நெளிவும் கொடுக்கலாம். வேலைக்கு முன் ஒரு காலை நேரம் பொற்றையடிப் பக்கம் மருந்துவாழ்மலை ஏறிவிட்டு வாருங்கள். பாறை வெடிப்பில் வேரூன்றி, காற்றில் ஒரு பக்கம் ஒதுங்கி வளர்ந்த மரங்களை நின்று பாருங்கள். முதல் வளைவு பாதத்துக்குப் பக்கத்திலேயே திடீரென்று இருக்கும், மேலே போகப் போக வளைவு சிறுத்துக்கொண்டே போகும். நாம் வீட்டில் கை போன போக்கில் செய்தால் எல்லா வளைவும் ஒரே அளவில் வரும். அது மரமாகத் தெரியாது.

அலுமினியக் கம்பி வாங்கலாம், பழகுவதற்கு எளிது. எனக்குச் செம்பு பிடிக்கும். பழைய வயரின் மேலுறையைச் சுத்தமாக உரித்துவிட்டு, உள்ளே இருக்கும் தடித்த செம்புக் கம்பியைச் சிரட்டைக் கனலில் போட்டு மங்கிய சிவப்பு ஏறியதும் எடுத்து ஆறவிட்டால் நூல் சுற்றுகிற மிருதுவுக்கு வந்துவிடும். ஒருமுறை வளைத்ததும் மறுபடி கெட்டியாகி அப்படியே நிற்கும். வளைக்க வேண்டிய கிளையின் தடிமனில் மூன்றில் ஒன்று கம்பியின் தடிமன். தண்டுக்குக் கட்டும்போது கம்பியின் ஒரு முனையைத் தண்டுக்குப் பின்னால் மண்ணில் ஆழமாகக் குத்தி நிறுத்திவிட்டு, 45 பாகைச் சாய்வில் மேலே சுற்றிக்கொண்டு போங்கள். பட்டையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், இறுக்கக்கூடாது. கம்பிக்கு அடியில் இலை மாட்டினால் ஒதுக்கிவிடுங்கள்.

வளைக்கிற முறை இது: வளைவின் வெளிப்பக்கம் எங்கே வருகிறதோ அங்கே கம்பி ஓட வேண்டும். இரண்டு கட்டைவிரலையும் உள்பக்கம் ஊன்றி, மற்ற விரல்களால் தண்டைப் பிடித்து, முதலில் லேசாக முறுக்குங்கள், பிறகு வளையுங்கள். முறுக்கினால் உள்ளே நார் தளர்ந்து, வளைவது எளிதாகும். கையில் மெல்லிய நெறுநெறுப்புத் தெரிந்தால் அங்கே நிறுத்துங்கள். மீதியை இரண்டு வாரம் கழித்துக் கொடுக்கலாம். பட்டை லேசாக விரிந்தால் கவலையில்லை, ஜூனிபர் ஆற்றிக்கொள்ளும். கம்பி கட்டியபின் வாரம் ஒருமுறை பாருங்கள். குளிர்நாட்டில் ஒரு வருடம் விட்டுவைக்கிற கம்பி இங்கே நாலைந்து மாதத்திலேயே பட்டையில் பதிய ஆரம்பித்துவிடும். பதிகிற மாதிரி தெரிந்தால் கொறடால் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள், சுற்றிப் பிரிக்காதீர்கள். நெளிவு நிற்காவிட்டால் சிறிது இடம் மாற்றி மறுபடி கட்டலாம்.

அடுத்தது தடிமன். நாலைந்து வருடம் என்று சொன்னது இதற்காகத்தான். தண்டு தடிப்பது மேலே ஓடுகிற பச்சையின் அளவைப் பொறுத்தது. உங்களுக்கு வேண்டிய மரம் எட்டு அங்குலம்தான் என்றாலும், நுனியை வெட்டாமல் மூன்றடிக்கு ஓடவிடுங்கள். அடியில் இருக்கிற ஒன்றிரண்டு கிளையையும் அப்படியே நீளவிடுங்கள். இவை மரத்தில் தங்கப் போகிற கிளைகள் அல்ல. தண்டைத் தடிக்க வைத்துவிட்டுப் போகிறவை. வேலை முடிந்ததும் ஒரே நாளில் எடுக்காமல், இரண்டு மூன்று தடவையாகக் குறைத்துக்கொண்டு வந்து எடுக்க வேண்டும். தட்டுக்கு மாற்றிவிட்டால் இந்த வளர்ச்சி நின்றுவிடும். பென்சில் தண்டோடு தட்டில் ஏறிய ஜூனிபர் பத்து வருடம் கழித்தும் பென்சில் தண்டாகவே இருக்கும். கடைகளில் போன்சாய் என்று விற்பதில் பாதி அப்படித்தான், அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

தங்கப் போகிற கிளைகளில் வெட்டுவதற்கு ஒரு விதி மட்டும் மறக்க வேண்டாம். புளியோ ஆலோ இத்தியோ என்றால் மொட்டைக் கிளையிலும் துளிர் வரும். ஜூனிபரில் பச்சை இல்லாத கட்டையிலிருந்து துளிர் வராது. பச்சையை முழுக்க எடுத்த கிளை செத்த கிளைதான். ஆகவே நீளமான கிளையைக் குறைக்க வேண்டுமானால், உள்ளே தண்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு பச்சைக் கிளை இருக்கிறதா என்று பார்த்து, அது பலமாகிறவரை காத்திருந்து, அதற்கு மேலே வெட்டுங்கள். உள்ளே இருக்கிற அந்தச் சிறுகிளைகளுக்கு வெளிச்சம் போகும்படி மேலே அடர்ந்திருப்பதை விலக்கினாலே போதும், அவை பலமாகிவிடும். ஒரு தடவைக்கு மொத்தப் பச்சையில் கால் பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

நுனியை நகத்தால் கிள்ளிக்கொண்டே இருந்தால் அடர்த்தியாகும் என்று பலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். ஜூனிபரின் பலம் நுனித் துளிரில் இருக்கிறது. எல்லா நுனியையும் கிள்ளினால் கிள்ளிய இடம் பழுப்பாகும், செடி சோரும், பிறகு செதில் இலைக்குப் பதிலாகக் குத்துகிற ஊசி இலையாக விடும். அதிகமாக வெட்டிவிட்டீர்கள் என்பதற்கு அந்த ஊசி இலைதான் அடையாளம். நீண்டு வெளியே வந்த துளிரை மட்டும், அது பிரிகிற இடத்தில் கத்தரிக்கோலால் எடுத்தால் போதும்.

தண்ணீர், உரம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மேல்மண் ஒரு விரற்கடை காய்ந்ததும் ஊற்றுங்கள். தெரியவில்லை என்றால் ஒரு மூங்கில் குச்சியை மண்ணில் குத்தி வைத்து, உருவிப் பார்த்து முடிவு செய்யுங்கள். கோடையில் தினமும் இரண்டு வேளைகூடத் தேவைப்படும். போர் தண்ணீர் உப்பாக இருந்து சட்டி விளிம்பில் வெள்ளை படிந்தால் மழைநீரைப் பிடித்து மாதம் ஒருமுறை நன்றாக அலசிவிடுங்கள். உரத்துக்குப் புளித்த கடலைப் பிண்ணாக்குத் தண்ணீரை நன்றாகத் தெளியவிட்டு, வெளிறிய தேநீர் நிறத்துக்குத் தண்ணீர் சேர்த்து, பதினைந்து இருபது நாளுக்கு ஒருமுறை. துலாமழையில் நிறுத்திவிடுங்கள்.

பூச்சியில் பயப்பட வேண்டியது சிவப்புச் சிலந்திப்பேன் ஒன்றுக்குத்தான். கண்ணுக்கு எளிதில் தெரியாது. பச்சை மங்கி, தூசு படிந்த சாம்பல் மஞ்சளாகத் தோன்றும்போது சந்தேகப்பட வேண்டும். வெள்ளைத்தாளைக் கிளைக்குக் கீழே பிடித்துக் கிளையை இரண்டு தட்டுத் தட்டுங்கள். விழுகிற தூசியில் சில புள்ளிகள் மெதுவாக நடக்கும். விரலால் இழுத்தால் தாளில் துருச்சிவப்பாகக் கோடு விழும். அது இருந்தால் மூன்று நாளுக்கு ஒருமுறை காலையில் குழாயின் வேகத்தில் இலைக்கு அடிப்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். அடங்காவிட்டால் நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு இரண்டு கிராம் கரைத்து, வெயில் இறங்கியபின் தெளிக்கலாம். கந்தகம் அடித்த இரண்டு வாரத்துக்குள் வேப்பெண்ணெய் அடிக்கக்கூடாது, இலை பொசுங்கும். மாசி பங்குனிதான் இதற்குக் காலம். மழைக்காலத்தில் நுனி கருகினால் அது பெரும்பாலும் பூஞ்சை. கருகியதை வெட்டி எரித்துவிட்டுச் செடிகளைத் தள்ளித் தள்ளி வையுங்கள்.

படங்களில் பார்க்கிற வெள்ளைப் பட்டுப்போன கட்டையும், அதை ஒட்டி ஓடுகிற சிவப்புப் பட்டையும் உங்களுக்கும் வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். தண்டு கட்டைவிரல் தடிமனாவது வந்தபிறகு பார்க்கலாம். அப்போது வெட்டி எறியப் போகிற கிளையைத் தண்டோடு ஒட்ட வெட்டாமல் இரண்டு அங்குலம் விட்டு, பட்டையை உரித்து வைத்தால் அதுவே ஆரம்பம். தண்டில் பட்டை எடுப்பதானால் முதல் வருடம் ஒரு விரல் அகலத்துக்கும் குறைவாக, ரப்பர் வெட்டுகிறவர் ஆழம் பார்த்துச் சீவுகிற நிதானத்தோடு எடுக்க வேண்டும். எந்த வேரிலிருந்து எந்தக் கிளைக்கு ஓட்டம் போகிறது என்று பார்க்காமல் எடுத்தால் ஒரு பக்கமே போய்விடும். நம்ம ஈரத்தில் அந்தக் கட்டைக்கு வருடம் இரண்டு தடவை சுண்ணாம்புக் கந்தகக் கரைசல் பூச வேண்டும். பட்ட கட்டை மண்ணைத் தொடக்கூடாது, தொட்டால் கரையான் ஏறும்.

ஹால் விஷயம். ஜூனிபருக்கு வெளி வெளிச்சமும் காற்றும் வேண்டும். கண்ணாடி சன்னல் ஓரம்கூட அதற்கு இருட்டுதான். விருந்தாளி வருகிற அன்று காலையில் உள்ளே கொண்டுவந்து வைத்து மாலையில் மாடிக்கு ஏற்றிவிடுங்கள். ஏசி ஓடுகிற அறையில் ஒரு இரவுகூட வேண்டாம். வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்றால் இத்தியோ வேறு ஃபைக்கஸ் வகையோ பாருங்கள், அவை ஜூனிபரைவிட நிழலைத் தாங்கும்.

இது ஆவணி. இன்னும் இரண்டு மாதத்தில் துலாமழை வந்துவிடும். இப்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பையின் அடியிலும் பக்கத்திலும் ஆணியால் பத்துப் பதினைந்து ஓட்டை கூடுதலாகப் போடுங்கள், இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள், மாடியில் முழு வெயிலில் விடுங்கள். விடாமல் மூன்று நாள் மழை பெய்தால் மட்டும் சன்ஷேடுக்கு அடியில் நகர்த்துங்கள். இடைப்பட்ட நேரத்தில் ஓடு உடைத்துச் சலித்து, மட்டையைக் கழுவிக் காயவைத்துத் தயாராக இருங்கள். மார்கழிக் கடைசியில் பையைப் பிரித்துத் தண்டின் அடி வேரைக் கண்டதும், நான்கு பக்கத்திலிருந்தும் படமெடுத்து அனுப்புங்கள். எந்தப் பக்கம் முன்பக்கம், எந்த வேரை வைத்துக்கொள்வது என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை கத்தரிக்கோலை எடுக்க வேண்டாம்.